குறைத்துக் கொடுத்த பாடம்

அந்தச் சொற்கட்டுக்கு ஹூப்ளியில் ஒரு பஞ்சு வியாபாரி விலை சொன்னார். ஆயிரம் ரூபாய் ரொக்கம், விரலில் கிடந்த பச்சைக்கல் மோதிரம், மேல்வரவாக ஒரு சால்வை. கையில் பிடித்துப் பார்க்க முடியாத, தராசில் வைத்தால் தட்டு அசையாத ஒரு தபலா பாடத்துக்கு அந்த விலை. அவர் மகனுக்குத் தபலா பைத்தியம். வியாபாரம் தெரிந்தவனாக இருந்தால் சால்வை வேண்டாம், இன்னொரு இருநூறு சேர்த்துப் போடுங்கள் என்று இழுத்திருப்பான். வடிவேலு இரண்டு கையையும் கூப்பிவிட்டு ரயிலேறிவிட்டான்.

விற்கக் கூடாத சரக்கு அது. தார்வாடில் அவனுடைய உஸ்தாத், சாகிற நேரத்தில் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்தது. அதற்கு முன் வருஷக்கணக்காக அவருக்குத் தண்ணீர் தூக்கி, வெற்றிலை மடித்து, கால் பிடித்துத்தான் வடிவேலு மற்றதெல்லாம் கற்றான். அவர் பரம்பரையில் அபூர்வமான சொற்கட்டுகளைப் பெண்ணுக்குச் சீதனமாகவே கொடுப்பார்களாம். நகைக்குப் பதில் அது. மருமகன் கைக்குப் போய்விட்டால் மாமனார் அப்புறம் அதை வாசிக்கக் கூடாது. உஸ்தாத்துக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதனால் வடிவேலுவின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினார். "உன் ரத்தத்தில் பிறக்கிற மகனுக்குக் கொடு. வேறு யார் கேட்டாலும் கொடுக்காதே. முழுசாகக் கொடுத்து முடித்த அன்றைக்கு அவனை வாசல் தாண்டிப் போக விடு, பிடித்து வைத்துக்கொள்ளாதே" என்றார். அத்தோடு கண்ணை மூடினார்.

அந்தப் பாடம் ஜவ்வாது மலையில் ஒரு புளிக் கிடங்கில் போய்ச் சேர்ந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை முடிகிற சமயம். ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற வழியில், ஊரை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, போளூர் வியாபாரி தங்கவேல் கட்டிய கிடங்கு வீடு. முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, அதற்குப் பின்னால் பலகைக் கதவு போட்ட கிடங்கு. மலைக்காரர்கள் கொண்டுவருகிற புளியையும் சாமையையும் வாங்கி அடுக்குகிற இடம். அதைப் பார்த்துக்கொள்ள மருமகன் வடிவேலு. பனி இறங்கி, எதிர்ச்சரிவின் பலாமரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து அவன் திரியை ஏற்றினான். அப்போது கிடங்குக்குள்ளிருந்து கேட்டது.

நா.

வலக்கைச் சின்னத் தபலாவின் விளிம்பில் ஒரு விரல் தட்டினால் வருகிற முதல் எழுத்து. தபலா படிக்க வருகிற எவனும் முதல்நாள் தட்டுகிற தட்டு.

உள்ளே ஒரு ஜோடித் தபலா இருந்தது உண்மை. அவன் பெண்டாட்டி சம்பூர்ணத்தினுடையது. அவள் போன பிறகு அவனே அதன் கட்டைகளைத் தட்டித் தளர்த்தி, சாக்கில் சுற்றி, புளி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினான். தளர்ந்த தோல், அதுவும் இந்தப் பனியில், 'நா' சொல்லாது. தரையில் விழுந்த புளி உருண்டை மாதிரி பொத்தென்றுதான் சொல்லும். இது சுருதி சேர்ந்து சொன்னது. ஆனால் தப்பாகச் சொன்னது. விரலின் ஓரம் படவேண்டிய இடத்தில் நுனி பட்டிருந்தது.

அதனால் வடிவேலுவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். வாத்தியார் புத்தி. பயம் அரை நொடி கழித்து வந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது.

சம்பூர்ணம் வியாபாரி மகள். தவழும்போதே தராசுப் படிக்கல்லைப் பிடித்து நின்றவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் வாசிப்பதை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். மறுவாரம், "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். பொம்பளைக்கு எதற்குத் தபலா என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். வாயால் அவன் சொற்களைச் சொல்ல, அவள் கையால் திருப்பிச் சொன்னாள். பாடம் நடக்கும்போது மட்டும் 'வாத்யாரே' என்பாள். எல்லாம் வந்தது. அந்த ஒன்றைத் தவிர.

"அது புள்ளைக்கு" என்பான் அவன்.

"புள்ள வர்ற வரைக்கும் சும்மா கெடந்து இன்னா பண்ணும் வாத்யாரே? வட்டியா போடும்?"

"உஸ்தாத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"சரி, பாதி குடுங்க. மீதிய அவனுக்கு வெச்சுக்கங்க."

"பாதிப் பாடம் பாடமே இல்ல சம்பூர்ணம்."

"எங்கப்பா அரைப்படி விக்கறாரே. அது மட்டும் அரிசி இல்லியா?"

பத்து வருஷம் இந்தப் பேரம். பிறகு, யாரும் எதிர்பார்க்காத வயதில், அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. "பாத்தீங்களா, சரக்கு வாங்க ஆள் வருது" என்று வயிற்றைத் தட்டி, அதே 'நா'வை வயிற்றின் மேலேயே வாசித்துக் காட்டினாள்.

புரட்டாசி மழையில் மலைப்பாதை அறுந்து பஸ் நின்றுபோனது. நாள் ஆகுமுன்னே வலி வந்தது. கம்பளியை மூங்கிலில் கட்டி டோலி ஆக்கி, கிடங்கில் மூட்டை தூக்குகிற சடையனும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். சடையன் பெண்சாதி மாதம்மாள் கூடவே நடந்தாள். மலையில் யாருக்குப் பிரசவம் என்றாலும் அவள்தான். கார் பிடித்து வருகிறேன் என்று வடிவேலு முன்னால் ஓடினான். போளூரிலிருந்து அவன் காரோடு அடிவாரத்துக்கு வந்தபோது டோலி தரையில் இருந்தது. யாரும் அதைச் சுற்றி நிற்கவில்லை. எல்லாரும் தள்ளி, புளியமரத்தடியில் நின்றார்கள். அவன் கம்பளியை விலக்கிப் பார்க்கவில்லை. தாயையும் பிள்ளையையும் அங்கேயே ஓடையோரம் அடக்கம் செய்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அவன் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்த 'நா' கேட்டதும், விளக்கையும் சாவியையும் எடுத்துக்கொண்டு அவன் கிடங்கைத் திறந்தான். போன பருவத்துப் புளி கறுத்துக் குமைந்து மூக்கைப் பிடித்தது, அதன் கீழே ஈரச் சாக்கின் நாற்றம், எலியின் நாற்றம், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லியதாக, நூல் மாதிரி, விளக்கில் சுட்ட வசம்பின் வாசனை. மூட்டைகளின் நிழல் சுவரில் ஏறி, உத்தரத்தில் மடங்கி, அவன் தலைக்கு மேல் வந்து நின்றது. சாக்குப் பொதி வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றியிருந்த சாக்கின் மேல் ஒட்டடை கூடக் கலையவில்லை. பிரித்தான். கட்டைகள் தளர்ந்துதான் இருந்தன. தட்டினான். பொத்.

கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பும்போது, பலகைக்கு அந்தப் பக்கம், அவன் முழங்கால் உயரத்தில்:

நா.

அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேட்டது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். பஞ்சையும் தாண்டி, கேட்கிறதா இல்லையா என்று அவனே உற்றுக் கேட்கிற அளவுக்கு மெதுவாக வந்து, தவறாகவே விழுந்தது. ஊருக்குள் போய்ச் சடையன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தான். அங்கே கேட்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிறபோது, பூட்டிய வீட்டில் அது தனியாகத் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு, கேட்பதைவிட மோசமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டான்.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான்.

"நுனி வேணாம். ஓரம். விரலோட ஓரம்."

சத்தம் நின்றது. ஓட்டின் மேல் பனி சொட்டுவது கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு, மணி மாதிரி, அச்சு அசலாக:

நா.

வடிவேலு சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். பிள்ளை பெறப் போனவள் திரும்பி வந்துவிட்டாள். அடியிலிருந்து படிக்கிறாள். செத்தவர்களுக்குக் கைப்பாடம் மறந்துவிடும் போலிருக்கிறது, மறந்தால் என்ன? பத்து வருஷம் சொல்லிக் கொடுத்ததை இன்னொரு தடவை சொல்லிக் கொடுக்க அவனுக்கு வலிக்குமா?

அப்புறம் தினமும் பாடம். அவன் இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து சொல்லைச் சொல்வான். அந்தப் பக்கத்திலிருந்து கை திருப்பிச் சொல்லும். சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். ஒருநாள் உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு மிச்சத்தை நாய்க்கு வைத்தான். பயம் போகவில்லை. மனிதன் எதோடும் குடித்தனம் நடத்துவான், பயம் ஒரு பெரிய விஷயமா.

தை பிறப்பதற்கு முன் மாமனார் தங்கவேல் ஜீப்பில் வந்தார். மகள் போனதிலிருந்து அவர் மேல்துண்டு கழுத்தில் இருந்ததில்லை, எப்போதும் கையில், கண்ணுக்குப் பக்கத்தில்.

"மாப்ள, கீழ வந்துடு. கல்லாவுல உக்காரு. இங்க தனியா இன்னா பண்ற?"

"புளிக்குக் காவலு மாமா."

"புளிக்கு இன்னா காலா மொளச்சிக்கீது, ஓடிப் போவ?" பேசிக்கொண்டே நடு அறைக்கு வந்தவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். "இன்னா மாப்ள, வசம்பு வாசன அடிக்குது? கொயந்த கீற வூடு மாதிரி."

"மாதம்மா எலிக்கு வெச்சிருப்பா."

தங்கவேல் கிடங்குக் கதவைப் பார்த்தார். வியாபாரிக்குப் பொய்ச்சரக்கு தெரியும். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வாசனையை மட்டுமா அவன் ஒதுக்கி வைத்தான்? சம்பூர்ணம் பாடத்தின் நடுவே சும்மா இருந்ததே கிடையாது, வாயடிப்பாள். இது ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. வேண்டுமென்றே அவளைச் சீண்டிப் பார்த்தான், "உங்கப்பன் படி மாதிரியே ஒன் தாளமும் அளவு கம்மி" என்றான். பதிலுக்கு ஒரு தட்டு இல்லை, ஒரு கோபம் இல்லை. கற்றுக்கொள்வதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியவில்லை. இன்னொன்று. இடக்கைப் பெரிய தபலாவில் உள்ளங்கை அடியை அழுத்தி இழுத்தால் கும்மென்று ஒரு முனகல் வரவேண்டும். எவ்வளவு சொன்னாலும் அது வரவில்லை. அந்தக் கையில் எடை இல்லை.

பொங்கல் கழிந்ததும் முறைப்படி நூல் கட்டிவிடலாம் என்று தோன்றியது. உயிரோடு இருந்தபோது அவளுக்குக் கட்டியதில்லை. பெண்டாட்டிதானே என்று விட்டுவிட்டான். சிவப்பு நூல் ஒரு முழம், வெல்லம், வறுத்த கடலை, எல்லாவற்றையும் கிடங்கு வாசற்படியில் வைத்து, நூலைப் பூட்டின் வளையத்தில் தொங்கவிட்டான். "கட்டிக்க" என்றான்.

காலையில் கடலை வைத்தபடி இருந்தது. வெல்லம் ஒரு பக்கம் நக்கிக் கரைந்திருந்தது. நூல் தரையில் கிடந்தது, முடிச்சுப் போட்டு. மூட்டை வாயைக் கட்டுகிற வியாபாரி முடிச்சு, சம்பூர்ணம் போடுகிற முடிச்சு. அதில் சந்தேகமில்லை. ஆனால் நூலின் வளையம் சின்னது. கழற்றி எறிந்த மாதிரி கிடந்த அந்த வளையத்துக்குள் வடிவேலு தன் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தான். இறுக்கிப் பிடித்தது.

மாதம்மாள் புளி உடைக்க வந்தாள். புது வரத்து தொடங்கியிருந்தது. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கையில் எடுத்தவளுக்கு எதிரே வடிவேலு போய் உட்கார்ந்தான்.

"மாதம்மா. அது இன்னா புள்ள?"

அவள் கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள். "இம்மாம் நாளு கேக்கலியே நீங்க."

"இப்ப கேக்கறேன்."

"ஆம்பளப் புள்ளதாங்க வாத்யாரே. அழல. கண்ணு தொறக்கல." கொஞ்சம் யோசித்தாள், சொல்லலாமா என்று. "அம்மா அதும் கையப் புடிச்சிகினு இருந்துச்சு. ரெண்டு கையும், இப்பிடி, மேலால. அந்த உசுரு போனப்பறமும் விடல. சடையனும் பிரிச்சிப் பாத்தாரு, வரல. அப்பறம் ஒண்ணாவே வெச்சிட்டோம்."

'இப்பிடி' என்றபோது மாதம்மாள் காற்றில் காட்டிய கைகள், ஒரு சின்னக் கையின் மேல் தன் கையை வைத்து, விரல் விரலாக மடக்கிப் பழக்குகிற கைகள். அந்த மாதிரிதான் அவனும் சம்பூர்ணத்துக்கு முதல்நாள் சொல்லிக் கொடுத்தான்.

ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தது அவள் இல்லை. அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவன் பாயில் உட்கார்ந்தான். மகன். அவனுக்குச் சேரவேண்டிய சரக்கு அவனைத் தேடி வந்திருக்கிறது. கொடுக்காமலிருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் முழுசாகக் கொடுத்த அன்றைக்கு வாசல் தாண்டிப் போக விடவேண்டும். போனால், இரண்டு பேரும் போவார்கள். அப்புறம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புளி மட்டும் இருக்கும்.

தங்கவேல் படியின் உட்புறம் அடியில் மெழுகு பூசியிருக்கும் என்று சம்பூர்ணம் ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணுக்குப் படி முழுப்படிதான். வாங்குகிறவன் நிறைய அள்ளிக்கொண்டு திருப்தியாகப் போவான், நாளைக்கு மறுபடி வருவான். மறுபடி வருவதுதான் அதில் விசேஷம்.

அந்தச் சொற்கட்டின் கடைசியில் ஒரே அடியை மூன்று தரம் சொல்லி முடிக்கவேண்டும். மூன்றாவது தரத்தின் கடைசித் 'தா' தாளத்தின் பதினாறு மாத்திரையும் ஓடி முடிந்து, அடுத்த சுற்றின் முதல் மாத்திரையில், சமத்தில், போய் விழவேண்டும். அதில்தான் அதன் உயிர். விழுந்தால், நெடுந்தூரம் நடந்தவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றின மாதிரி இருக்கும். வடிவேலு நடுவிலிருந்து ஒரு மாத்திரையை உருவினான். யாருக்கும் தெரியாது. கடைசித் 'தா' சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே முடிந்துபோகும். காலெடுத்து வைப்பதற்கு அங்கே படி இருக்காது.

கண்ணை மூடிக்கொண்டு, மகனுக்கு அதைச் சொன்னான்.

அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டது. வாசித்தது. என்ன அழகாக வாசித்தது. அந்த எடையில்லாத கை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கும்மென்று முனகியது, அவள் தன் கையை மேலே வைத்து அழுத்தியிருப்பாள். மூன்று தரம் அடி வந்து, கடைசித் 'தா' விழுந்தது. விழவேண்டிய இடத்துக்கு முன்னால்.

நிசப்தம்.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி குறைந்தது. மறுபடி.

கம்பளியை மோவாய் வரை இழுத்துக்கொண்டு வடிவேலு சிரித்தான். போகவில்லை. விடிகிற வரைக்கும் வாசித்தார்கள். போகவில்லை. அவன் தூங்கியும் போனான்.

மறுநாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. வலியில்லை. இருட்டில் படி இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல், கீழே போவது மாதிரி. குடத்தை வைத்துவிட்டு நின்றான். சரியாயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"இன்னாங்க வாத்யாரே, ஒதடு நீலமா கீது" என்றாள் மாதம்மாள். "கீழ போய் டாக்டராண்ட காட்டிட்டு வாங்க."

"பனி" என்றான்.

சாயங்காலம், விளக்கை ஏற்றிவிட்டு, மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தான். தாளக்காரன் நாடி பார்த்தால் வேறு எப்படிப் பார்ப்பான்? எண்ணினான். நான்கு, எட்டு, பன்னிரண்டு. பதினைந்து. அதற்கப்புறம் ஒன்று வரவில்லை. விரலுக்கடியில் வெறும் தோல். பிறகு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. பன்னிரண்டு. பதினைந்து. வெறும் தோல்.

அந்த வெறுமையின் மேல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கச்சிதமாக:

தா.

எங்கே குறைந்ததோ அங்கே எடுத்துக்கொண்டிருந்தது. திருட்டுப் புத்தியோடு இல்லை. பிள்ளைக்கு அது தெரியுமா. பாடத்தில் ஒன்று குறைகிறது, குறைவது அப்பாவிடம் இருக்கிறது, கை நீட்டுகிறது.

வடிவேலு எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, "இரு" என்றான். "இருப்பா. தப்பாச் சொல்லிட்டேன். சரியானத சொல்றேன்."

வாயைத் திறந்தான். சொற்கட்டு வந்தது, உஸ்தாத் குரலிலேயே வந்தது. உருவி எடுத்த மாத்திரையை அதன் இடத்தில் வைத்தான். முதல் தரம் அடி. இரண்டாம் தரம். மூன்றாம் தரத்தின் நடுவில் நெஞ்சு நின்றது. நாக்கும் அதோடு நின்றது. மூச்சு திரும்பி வந்தபோது சமம் போய்விட்டிருந்தது.

மறுபடி சொன்னான். அதே இடம்.

மறுபடி.

அந்த ஒரு மாத்திரை அவனிடம் இல்லை. இருந்தது, நேற்று வரைக்கும்.

சத்தம் இடம் மாறியது. பலகைக் கதவு திறக்கவில்லை. பூட்டு அசையவில்லை. ஆனால் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நடு அறையில் ஒன்றும் இல்லை. பாய். கம்பளி. வசம்பு வாசனை, இப்போது நூல் மாதிரி இல்லை.

நா.

பாயின் ஓரத்தில்.

அவன் ஓடியிருக்கலாம். வாசல் பத்தடி. ஓடவில்லை. காரணம் பயமில்லை. காரோடு வந்து நின்றபோது கம்பளியை விலக்கிப் பார்க்காதவன் அவன். பாயில் மெதுவாக மல்லாந்து படுத்தான். கையை விரித்து வைத்தான்.

"வா" என்றான்.

கம்பளி அசையவில்லை. ஆனால் மார்பின் மேல், இடப்பக்கம், ஈரமண் மாதிரி குளிர்ந்து ஏதோ வந்து படுத்தது. எடையே இல்லை. பிறகு எடை வந்தது, அதன் மேல் இன்னும் இரண்டு கைகள்.

விலா எலும்பில் ஒரு விரல் தட்டியது. ஓரத்தால். சரியாக.

அவன் சொல்லச் சொல்ல அது வாசித்தது. சொல்லி வந்து அவன் நின்றுபோகிற இடத்தில், நிற்காமல், தட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவனுடைய கால்விரல்கள் பாயிலிருந்து எழும்பித் துள்ளி விழுந்தன. மறுபடி. வடிவேலு அழுதுகொண்டே சொன்னான். மறுபடி. தலைமாட்டில், காதுக்கு வெகு அருகில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினார்கள். குரல் இல்லை. எண்ணுகிற மூச்சு மட்டும். கடையில் பிறந்தவள் எண்ணுகிற மாதிரி, வேகமாக, கறாராக, கடைசியில் வந்து ஒவ்வொரு தரமும் தயங்கி.

விடிந்தது. விடிந்தால் போய்விடும் என்பார்கள். பனி வெள்ளையாகி, ஓட்டுச் சந்து வழியாக வெளிச்சம் இறங்கி, அவன் முகத்துக்கு வந்து, கழுத்துக்கு வந்து, மார்பு வரைக்கும் வந்தது. எடை இறங்கவில்லை. வடிவேலு கண்ணைத் தாழ்த்திப் பார்க்கவில்லை. இப்போதும் அவனால் முடியவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

போக மாட்டார்கள். இனிமேல் போகவே மாட்டார்கள். அவன் கேட்டது அதுதானே.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மாதம்மாள் உள்ளே வந்தாள். "வாத்யாரே, வெயில் வந்துடுச்சி, இன்னும் இன்னா..." என்று சத்தமாகத் தொடங்கியவள், நடு அறை நிலையில் நின்றாள். அவளுடைய கண் வடிவேலுவின் முகத்தில் இல்லை. அவன் மார்பில் இருந்தது. கையிலிருந்த விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தாள். பிரசவம் பார்த்துப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே தணிந்து, குசுகுசுவென்று கேட்டது.

"தூங்கிடுச்சா?"

தூங்கவில்லை. விலா எலும்பின் மேல் ஐந்து சின்ன விரல்களும் விரிந்து, எழுந்து நின்று, காத்துக்கொண்டிருந்தன. உள்ளே எண்ணிக்கை ஓடியது, நான்கு, எட்டு, பன்னிரண்டு.

பிள்ளைக்குச் சேரவேண்டியது பதினாறு. அப்பனிடம் இருந்தது பதினைந்து. பாக்கி ஒன்று.